வாசகர் கேள்வி: வெளுத்துப்போன படகுச் சாயம்

கேள்வி: பழைய பொருள் கடையில் வாங்கிய ரிமோட் படகைப் புதுப்பிக்கிறேன், இதுவே என் முதல் படகு. ஸ்பிரே சாயம் அடித்ததும் மேலே வெண்மை படர்கிறது. காரணம் என்ன?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: மழை ஓய்ந்த ஈரக்காற்றில் அடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சாயத்திலுள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்துவிடுவதால் அவ்வாறு வெளுக்கிறது. நன்றாகக் காய்ந்த பின் 600 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துவிட்டு, வெயில் ஏறிய முற்பகலில், மெல்லிய பூச்சுகளாக மீண்டும் அடியுங்கள். பிளாஸ்டிக் உடலாயின், துடைக்கத் தின்னர் (சாயத்தைக் கரைக்கும் திரவம்) வேண்டாம், பிளாஸ்டிக் இளகிவிடும். சோப்புத் தண்ணீரே போதும்.

சாயத்தைவிட எனக்குக் கவலை தருவது மோட்டாரையும் படகை உந்தும் விசிறியையும் இணைக்கும் தண்டு செல்லும் குழாய்தான். பழைய கிரீஸ் காய்ந்திருந்தால் அவ்வழியே தண்ணீர் உள்ளே ஏறி ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவரைக் கெடுத்துவிடும். ஆகவே தண்டை உருவித் துடைத்து, புது கிரீஸ் நிரப்பி, முதலில் வீட்டுத் தொட்டியில் மிதக்கவிட்டுப் பாருங்கள்.