பழைய வீட்டோடு புது அறை: எந்த நாளில் எதைப் பார்ப்பது?

கேள்வி: இருபது வருடப் பழைய வீட்டின் பின்பக்கம் இரண்டு அறைகள் சேர்த்துக் கட்டுகிறோம். தினமும் போய் நிற்கிறேன், எதைக் கவனிப்பது என்று தெரியவில்லை. பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் விரிசல் விடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: விடும், சேர்க்கிற விதம் தவறினால். உங்கள் பழைய வீடு மண்ணில் இறங்க வேண்டிய அளவு ஏற்கெனவே இறங்கிவிட்டது. புது அறைகள் இனிமேல்தான் இறங்கும். பழைய சுவரைக் கொத்தி, புதுச் செங்கலை அதில் கோத்துக் கட்டினால் அந்த இறக்கம் முழுவதும் இணைப்பில்தான் வந்து விழும். அதனால் புது அறைக்குத் தனி பில்லர், தனி பீம் போட்டு, நடுவில் சுமார் ஓர் அங்குல இடைவெளி விட்டுத் தெர்மகோல் வைக்கச் சொல்லுங்கள். பூச்சு வேலையில் அந்தக் கோட்டை மூடிப் பூச விடாதீர்கள். கதவு வழியில் தரை டைல்ஸும் அதே கோட்டில் பிரிய வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அஸ்திவாரம் தோண்டும் நாளில் கட்டாயம் இருங்கள். பழைய அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டக் கூடாது. அதை ஒட்டி ஒரே நீளமாகத் திறப்பதும் ஆபத்து. நாலடி நாலடியாகத் தோண்டி, கட்டி முடித்த பிறகே அடுத்த பகுதி.

தினமும் நிற்பதைவிட, கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்குவது பயனுள்ளது. மறுநாள் எல்லாம் மறைந்துவிடும். மேல்தளத்துக் கம்பிக்கு அடியில் 20 மி.மீ. கவர் பிளாக் (கம்பி பலகையைத் தொடாமல் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டி) இருக்கிறதா, பில்லர் கம்பிக்குச் சுற்றிலும் 40 மி.மீ. இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 12 மி.மீ. கம்பியை ஒட்டுப் போடும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று இரண்டடி படிய வேண்டும். எல்லா ஒட்டும் ஒரே வரிசையில் வந்தால் மாற்றச் சொல்லத் தயங்காதீர்கள்.

கான்கிரீட் அன்று தண்ணீர்தான் முக்கியம். எம்20 என்ற தரத்துக் கான்கிரீட் கலவைக்கு ஒரு மூட்டை சிமெண்டுக்கு 30 லிட்டர்தான் உச்சம், ஈர மணலின் தண்ணீரும் இதில் அடங்கும். கலவை சுலபமாக ஓடட்டும் என்று குழாயைத் திறந்துவிட்டால் அங்கேயே பலம் போய்விடும்.

அப்புறம், இன்று பெரும்பாலும் வருவது பிபிசி (PPC) சிமெண்ட், அதாவது சாம்பல் போன்ற பொருள் கலந்த சிமெண்ட். அதற்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயக் கூடாது; தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். தளத்து முட்டுகளை 14 நாளாவது விட்டுவையுங்கள், நீளமான பீமுக்கு 21 நாள். கொத்தனார் அந்த முட்டுப் பலகைகளை வேறு சைட்டுக்குக் கேட்டாலும் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

சுவரில் பைப்பும் வயர் குழாயும் பதித்ததும், பூசுவதற்கு முன் அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்துவையுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது தேவைப்படும்.