எது ஆட்டிசம், எது நோய்?

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 36. ஆட்டிசம் என்று உறுதியானது சமீபத்தில்தான். அதற்கு வெகுகாலம் முன்பே நோயெதிர்ப்புக் குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. சிறுவயதிலிருந்தே சைனஸ், காது, நுரையீரல் என்று மாறிமாறித் தொற்று. இப்போது நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்த நாளம் வழியாக, தொற்றை எதிர்க்கும் புரதமான இம்யூனோகுளோபுலின் ஏற்றிக்கொள்கிறேன். மூட்டுவலியும் வயிற்றுத் தொல்லையும் தனி.

சோர்ந்து படுத்தால் அது தொற்றா, ஆட்கள் மத்தியில் இருந்துவிட்டு வந்த களைப்பா என்று எனக்கே தெரிவதில்லை. வலி என்று மருத்துவரிடம் போனால், "ஆட்டிசம் இருந்தால் எல்லாமே அதிகமாகத்தான் தெரியும்" என்கிறார். வீட்டில், "நேற்று நன்றாகத்தானே இருந்தாய்" என்கிறார்கள். இதற்கிடையில் உறவினர் ஒருவர், நோயெதிர்ப்பைச் சரிசெய்தால் ஆட்டிசமும் போய்விடும் என்று ஏதோ ஒரு சிகிச்சையைச் சொல்கிறார். எது எதனால் வருகிறது என்று பிரித்துப் பார்க்க வழி உண்டா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்,

எனக்கும் ஆட்டிசம் உண்டு, கூடவே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம். நோயெதிர்ப்பை அடக்கி வைக்கும் மாத்திரைகளோடுதான் வாழ்கிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது நானும் பல காலம் சுமந்த கேள்வி.

சிகிச்சை என்று வரும்போது பிரித்தே ஆகவேண்டும். வீட்டில், அன்றாடத்தில், பெரும்பாலும் பிரிக்கத் தேவையில்லை. நான் வந்து சேர்ந்த இடம் இதுதான்.

முதலில் அந்த உறவினர் விஷயம். ஆட்டிசம் உள்ளவர்களிடம் நோயெதிர்ப்புக் கோளாறுகள் அதிகம் காணப்படுவது உண்மை. கலிபோர்னியாவில் ஆட்டிசம் உள்ள சுமார் 1,500 பெரியவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். நோயெதிர்ப்பு, வயிறு, தூக்கம், வலிப்பு என்று ஏறக்குறைய எல்லாக் கோளாறுகளும் மற்றவர்களைவிட அவர்களிடம் கூடுதலாக இருந்தன. ஆனால் இரண்டும் சேர்ந்து இருக்கின்றன என்பதால் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று போய்விடும் என்று ஆகாது. இந்த இடைவெளியில்தான் மருந்து வியாபாரிகள் வந்து உட்காருகிறார்கள். உடலிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்றார்கள். வெளுப்பதற்குப் பயன்படும் குளோரின் டை ஆக்சைடைக் குழந்தைகளுக்கே குடிக்கக் கொடுத்தார்கள். நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. உங்கள் இம்யூனோகுளோபுலின் உங்கள் குறைபாட்டுக்கான மருந்து. அது ஆட்டிசத்தை மாற்றாது, மாற்றவும் வேண்டியதில்லை. யார் என்ன சொன்னாலும், உங்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தவும் வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம்.

அப்படியே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பயத்தைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளை வைத்து நடந்து 2019-இல் வெளிவந்த ஆய்விலும் அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. பொய் என்று தெரிந்த பிறகும் அந்தப் பயத்தால் பலர் ஊசி போடாமல் இருக்கிறார்கள். அதில் அதிகம் அடிபடுவது உங்களைப்போல் நோயெதிர்ப்பு குறைந்தவர்கள்தான். உங்களோடு புழங்குகிறவர்கள் தடுப்பூசி போட்டிருப்பது உங்களுக்கும் பாதுகாப்பு. உறவினரிடம் இதைச் சொல்லலாம்.

அடுத்தது மருத்துவர் சொன்னது. அது பாதி உண்மை. மனநல மருத்துவர்கள் கண்டறிதலுக்குப் பயன்படுத்தும், 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டில் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகப் புலனுணர்வு வேறுபாட்டைச் சேர்த்தபோது, அதிகமாக உணர்வதையும் குறைவாக உணர்வதையும் சேர்த்தேதான் எழுதினார்கள். சட்டைக் கழுத்தின் லேபிள் உறுத்துவதைத் தாங்கமுடியாத ஒருவர் எலும்பு முறிந்ததை உணராமல் நடக்கவும் கூடும். பசி, தாகம், காய்ச்சல், வலி எல்லாம் நம்மில் பலருக்குத் தாமதமாகத்தான் தெரியவருகின்றன. சிலசமயம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத பெரிய அவஸ்தையாக வருகின்றன. வலித்தாலும் முகம் காட்டிக்கொடுப்பதில்லை. அதனால் "எல்லாமே அதிகமாகத் தெரியும்" என்று அனுப்பிவிடுவது ஆபத்து.

ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டால் எனக்குப் பதில் வராது. எதைச் செய்யமுடியவில்லை என்று சொல்லப் பழகிக்கொண்டேன். மூடியைத் திறக்கமுடியவில்லை, இரவில் வலியால் விழித்துக்கொள்கிறேன், இந்த வாரம் மாடி ஏறவில்லை. இப்படி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், பேசவேண்டியதில்லை. அப்புறம் இந்தக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: "ஆட்டிசம் இல்லாத ஒருவர் இதே தொல்லையோடு வந்திருந்தால் என்ன பரிசோதனை எழுதுவீர்கள்?" உங்கள் மூட்டுகள் வழக்கத்துக்கு மீறி வளைகின்றனவா, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இவையும் ஆட்டிசம் உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுபவை. மூட்டுவலியோடும் வயிற்றுத் தொல்லையோடும் சேர்ந்தே வருவதும் உண்டு.

தொற்றைக் கண்டுபிடிக்க உங்கள் உணர்வை மட்டும் நம்பவேண்டாம். நன்றாக இருக்கும் நாட்களில் உடல் வெப்பத்தை அளந்து உங்கள் வழக்கமான அளவைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எந்த அளவைத் தாண்டினால் அழைக்கவேண்டும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் காய்ச்சலை வெளியே தெரியாமல் மறைத்துவிடும் என்பதால் வெப்பமானி மட்டும் போதாது. பழக்கங்கள் மாறுவதையும் கவனியுங்கள். எனக்குத் தொற்று வருமுன் பேச்சு குறைந்துவிடும், வழக்கமான சத்தமே தாங்கமுடியாமல் போகும். பார்ப்பவர்களுக்கு அது ஆட்டிசம் கூடியதாகத் தெரியும். எனக்கு அது எச்சரிக்கை.

இனி வீடு. காய்ச்சல் இல்லை, புதிதாக எதுவும் இல்லை, ஆனாலும் எழமுடியவில்லை. அப்போது காரணம் தேடாமல் படுத்துவிடுங்கள். மற்றவர்களைப்போல் நடந்துகொள்ள நாள் முழுக்க முயல்வதும் சக்தியைத் தின்கிறது, உடலுக்குள் ஓயாத நோயும் தின்கிறது. எதனால் வந்ததாக இருந்தாலும் மங்கிய வெளிச்சமும் அமைதியும் வேண்டும். நேற்று நன்றாக இருந்ததே இன்றைய சோர்வுக்குக் காரணமாக இருக்கலாம் என்பதை வீட்டில் சொல்லுங்கள். கேட்கமாட்டார்கள் என்றால், இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

உண்மையில் இரண்டும் மோதிக்கொள்வது வேறு இடத்தில். நமக்கு ஒழுங்கு வேண்டும், நாள் நினைத்தபடி போகவேண்டும். நோய்க்கு அந்த ஒழுங்கெல்லாம் தெரியாது. திட்டமிட்டது குலைந்துபோகும்போது வலியைவிட அதுதான் என்னை அதிகம் உடைத்தது. அதனால் மோசமான நாளுக்கும் ஒரு அட்டவணை எழுதி வைத்திருக்கிறேன். எந்த உடை, எந்த நேரத்தில் மாத்திரை, யாருக்கு என்ன செய்தி அனுப்புவது என்று எல்லாம் முன்பே முடிவானது. அன்றைக்குத் திட்டம் குலைந்தது என்று இல்லை, இரண்டாவது திட்டத்துக்கு மாறுகிறேன், அவ்வளவுதான். மனம் அதை ஏற்றுக்கொள்கிறது.

சரி, கடைசியாக ஒன்று. இம்யூனோகுளோபுலின் ஏற்றிக்கொள்ளும் பலருக்கு அடுத்த தவணை நெருங்கும் நாட்களில் சோர்வு கூடும். இரத்தத்தில் அதன் அளவு மூன்று வாரத்தில் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. உங்கள் சோர்ந்த நாட்களை நாட்காட்டியில் குறித்துப் பாருங்கள். அவை தவணைக்கு முந்தைய வாரத்தில் குவிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தோலுக்கடியில், வாரம் ஒருமுறைபோல, வீட்டிலேயே ஏற்றிக்கொள்ளும் முறையும் உண்டு. அதில் அளவு அவ்வளவாக ஏறி இறங்காது, மருத்துவமனையின் வெளிச்சமும் வாசனையும் இல்லை. ஆனால் ஊசி அடிக்கடி குத்தவேண்டிவரும், அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. உங்களுக்கு எது தோது என்று மருத்துவரிடம் பேசிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா