ஓகஸ்ட் விடுமுறையில் திமிங்கிலம் பார்க்க எந்தக் கரை?

கேள்வி: ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளையும் வயதான அம்மாவையும் அழைத்துக்கொண்டு மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்க எண்ணியிருக்கிறோம். வேன் ஒழுங்கு செய்பவர், படகு திமிங்கிலத்தை ஒட்டியே செல்லும் என்று உறுதி கூறுகிறார். அம்மாவுக்கோ படகென்றால் பயம். போகலாமா?
– ஓர் ஆசிரியை, ஹட்டன்.

பதில்: தாராளமாகப் போகலாம், ஆனால் மிரிஸ்ஸவுக்கு அல்ல, திருகோணமலைக்கு. அந்த மாதங்களில் ஹட்டனை நனைக்கும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுத்தான் தென்கடலையும் கொந்தளிக்கச் செய்கிறது. மலைகளுக்கு அப்பாலுள்ள கிழக்குக் கடல் அப்போது பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மிரிஸ்ஸவின் பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை என்பதால், அதை டிசம்பர் விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலையில் கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகில் வருவதால், ஆழ்கடலில் வாழும் நீலத் திமிங்கிலமும் ஸ்பேர்ம் திமிங்கிலமும் கோணேஸ்வரர் கோயில் அமைந்த செங்குத்துப் பாறையிலிருந்தே சில வேளைகளில் தென்படுகின்றன. அம்மாவைப் படகில் ஏற வற்புறுத்தாதீர்கள். தரிசனம் முடித்து, ஒரு தொலைநோக்கியுடன் அவர் அங்கேயே அமர்ந்திருக்கலாம்.

எனக்குக் கவலை தருவது, ‘ஒட்டியே செல்லும்’ என்ற அந்த உறுதிமொழிதான். திமிங்கிலத்துக்கு 100 மீற்றருக்குள் படகு நெருங்கக்கூடாது என்பது இலங்கையின் சட்டவிதி. மூச்செடுக்க மேலே வந்த உயிரைப் படகுகள் சூழ்ந்துகொண்டால், அது போதிய மூச்சின்றியே மீண்டும் மூழ்க நேரிடுகிறது. மற்றப் பெருங்கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் பல குளிர்ந்த கடல்கள்வரை இரைதேடிச் செல்ல, நம்முடையவை வட இந்து சமுத்திரத்திலேயே உண்டு, ஈன்று, வாழ்கின்றன. இங்கு துரத்தினால் அவை வேறெங்கே போகும்? தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே கப்பல்கள் மோதி அவை இறப்பதைத் தவிர்க்க, எம்.எஸ்.சி. நிறுவனம் 2022இல் தன் சரக்குக் கப்பல்களின் பாதையையே மேலும் தெற்கே மாற்றியது. அத்தனை பெரிய கப்பல்கள் விலகும்போது, பார்க்கப் போகும் படகு நூறு மீற்றர் தள்ளி நிற்பது பெரிய காரியமல்ல. இருபது மீற்றருக்கு மேல் நீளும் உடல் அந்தத் தூரத்திலும் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும்.

ஆகவே முற்பணம் கொடுக்குமுன், திமிங்கிலம் தென்பட்டதும் எவ்வளவு தூரத்தில் வேகத்தைக் குறைப்பார்கள் என்று படகுக்காரரிடமே கேளுங்கள். நேரான பதில் கிடைக்காவிட்டால் வேறு படகைத் தேடுங்கள். பிள்ளைகளின் அளவுக்கேற்ற உயிர்காப்பு அங்கிகள் உள்ளனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்குக் கடலிலும் அது வரக்கூடும் என்பதால், உரிய மாத்திரையை வைத்தியரிடம் கேட்டு, புறப்படுமுன்பே கொடுத்துவிடுங்கள்.