புளூபெல் முளைக்காததற்கு நிழல் காரணமல்ல

வணக்கம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள வீட்டுத் தோட்டத்தில் ஓக் மரத்தடியில் போன இலையுதிர்காலம் நட்ட 50 புளூபெல் (வசந்தத்தில் நீல மணி வடிவப் பூ விடும் செடி) கிழங்குகளில் நாலைந்துதான் இலை விட்டன, பூவே இல்லை, நிழல்தான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஓக் மரத்தடி நல்ல இடம்தான். மரம் தழைக்கும் முன் கிடைக்கும் வெளிச்சமே புளூபெல்லுக்குப் போதும். கோளாறு பெரும்பாலும் கிழங்கில். வெங்காயத்துக்கு இருப்பது போன்ற காய்ந்த மேல்தோல் இதற்குக் கிடையாது. பொட்டலத்தில் சில வாரம் கிடந்தாலே வற்றிவிடும்.

இம்முறை பூ முடிந்த கையோடு, மே மாதத்தில், இலையோடு விற்கும் செடிகளை வாங்கி அன்றே நடுங்கள். மரவேர் அறுபடாமல் கைக்கரண்டியால் தோண்டி, 10 செ.மீ. ஆழம், 10 செ.மீ. இடைவெளி விடுங்கள். தண்டின் வெளுத்த பகுதி மண்ணுக்குள் போக வேண்டும். மேலே மக்கிய இலை போதும், உரம் வேண்டாம்.

இலை தானாக மஞ்சளாகும்வரை வெட்டாதீர்கள், மிதிக்காதீர்கள். அடுத்த ஆண்டுக்கான சத்தைக் கிழங்கு சேர்ப்பது அப்போதுதான்.

வாங்கும்போது ஸ்பானிய வகையைத் தவிர்த்துவிடுங்கள். அது பிரிட்டனின் நாட்டு வகையோடு கலந்துவிடும். நாட்டுப் பூவில் தண்டு ஒருபக்கம் வளைந்திருக்கும், மகரந்தம் வெண்மஞ்சளாக இருக்கும். காட்டிலிருந்து மட்டும் தோண்டாதீர்கள்: நில உரிமையாளர் அனுமதியின்றி எடுப்பது பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டு வனவுயிர், நாட்டுப்புறப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.