பேர் சொல்லாதது: வசம்பு பற்றிக் கேள்விகளும் பதில்களும்

எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக நாட்டு மருந்துக் கடை. தாத்தா, அப்பா, இப்போது நான். கடையில் இருக்கும் பொருட்களில் நான் அதிகம் தேடிப் படித்தது வசம்பைப் பற்றித்தான். நான் வைத்தியர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

குடவாசலிலிருந்து: வசம்பு வேரா, கிழங்கா?

இரண்டும் இல்லை. மண்ணுக்கடியில் படுத்தபடி ஓடும் தண்டு அது. இஞ்சி, மஞ்சள் மாதிரி. கடையில் எல்லோரும் வேர் என்றே கேட்பார்கள், நாங்களும் அப்படியே சொல்வோம். செடிக்குக் காலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். வாள் போல நீண்ட இலை. கசக்கினால் இலையிலும் அதே வாசம். கர்நாடகத்தில் துமகூரு மாவட்டம் கொரட்டகெரெ பக்கம் இதை நெல் மாதிரி வயலில் பயிர் செய்கிறார்கள். அங்கே பெயர் பஜெ. முன்பு தாவரவியலார் இதைச் சேம்புக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். இப்போது தனிக் குடும்பம். நெல், வாழை, தென்னை எல்லாம் சேர்ந்த ஒருவித்திலைக் கூட்டத்தில் முதன்முதலில் பிரிந்து போன கிளை வசம்புதான். தொட்டில் பிள்ளையின் கையில் கட்டும் ஒரு துண்டுக்கு இவ்வளவு பழைய வம்சம்!

ஈரோட்டிலிருந்து: 3 மாதக் குழந்தைக்கு வயிறு உப்புசம். வசம்பு எவ்வளவு உரைத்துக் கொடுக்கலாம்?

கொடுக்க வேண்டாம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் நம் குழந்தை மருத்துவர்களும் சொல்கிறார்கள். உப்புசம் அடங்கவில்லை, குழந்தை பால் குடிக்க மறுக்கிறது, வாந்தி பச்சையாக வருகிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

வசம்பு விற்பவனே இப்படிச் சொல்கிறானே என்று நினைக்கலாம். காரணம் இருக்கிறது. வசம்பின் வாசம் அதன் எண்ணெயில் இருக்கிறது. நம் பக்கத்து வசம்பு எண்ணெயில் பெரும்பங்கு பீட்டா அசரோன் என்ற பொருள். இந்திய வசம்பு எண்ணெயைத் தீனியில் கலந்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது குடலில் புற்றுக்கட்டி வந்தது. அதை வைத்து 1968இல் அமெரிக்கா வசம்பையும் அதன் எண்ணெயையும் உணவில் சேர்க்கத் தடை போட்டது. அந்தத் தடை இன்னும் இருக்கிறது. எலிக்குக் கொடுத்த அளவு வேறு, பாட்டி உரைத்த ஒரு சுற்று வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனால் 5 கிலோ எடையுள்ள ஓர் உடம்பில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

நாகர்கோவிலிலிருந்து: பைபிளில் வசம்பு வருகிறதே, நம் வசம்புதானா?

நல்ல கேள்வி. யாத்திராகமம் 30ஆம் அதிகாரத்தில் அபிஷேக தைலத்துக்கான பொருட்களைச் சொல்லும்போது, வெள்ளைப்போளம், கருவாப்பட்டை, அப்புறம் ‘சுகந்த வசம்பு’ 250 சேக்கல் (அந்தக் காலத்து எடை அளவு) என்று தமிழ் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. எபிரேயத்தில் அது ‘கானே போசெம்’, அதாவது மணமுள்ள நாணல். அது வசம்புதான் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். எலுமிச்சைப்புல் போன்ற ஒரு வாசனைப் புல் என்று இன்னொரு சாரார். கிரேக்கம், லத்தீன் வழியாக மொழிபெயர்த்து வந்தவர்கள் ‘காலமஸ்’ என்று எழுத, நம்மூரில் அதற்கு வசம்பு என்று பேர் வைத்தார்கள். என் எண்ணம் புல் பக்கம்தான் சாய்கிறது. வசம்பின் வாசத்தில் ஒரு காரல் உண்டு. தைலத்தில் அந்த அளவு போட்டால் மற்ற வாசனைகளை அது அமுக்கிவிடும். ஆனாலும் தமிழில் பைபிள் படித்த பாட்டிமார்களுக்கு, பேரன் கையில் கட்டிய துண்டும் பைபிளில் வரும் வழிபாட்டுக் கூடாரத்துத் தைலமும் ஒரே பொருளாக இருந்தன. அந்த உறவு எனக்குப் பிடித்திருக்கிறது.

திருவாரூரிலிருந்து: பொழுது சாய்ந்தபின் வசம்பு என்று சொல்லாமல் ‘பேர் சொல்லாதது’ என்கிறார்களே, ஏன்?

என் தாத்தா காலத்தில் இரவு 11 மணிக்குக் கடைக் கதவைத் தட்டுவார்கள். வீடும் கடையும் ஒன்றுதான். தட்டியவர் ‘பேர் சொல்லாதது வேணும்’ என்பார். தாத்தா வேறெதுவும் கேட்காமல் துண்டை எடுத்துக் கொடுப்பார், காசை மறுநாள் வாங்கிக்கொள்வார். வீட்டில் ஒரு குழந்தை வயிற்று வலியில் அழுகிறது என்பது அந்த இரண்டு சொல்லிலேயே தெரிந்துவிடும்.

நம் ஊரில் வலுவான பொருளுக்கு இரவில் பேர் கிடையாது. பாம்பைப் பூச்சி என்போம். அம்மை கண்டால் ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்போம். பிள்ளைக்கு நோவு என்று வாய்விட்டுச் சொல்ல அஞ்சிய தாய், மருந்தின் பேரையும் மறைத்தாள் என்று நான் புரிந்துகொள்கிறேன். இதே மருந்துக்குப் பகலில் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று ஒரு செல்லப் பேரும் உண்டு.

இரவில் கொடுத்தே ஆகவேண்டும் என்பதற்கு எழுத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த ஒயிட்லா எயின்ஸ்லி, 1826இல் வெளியான தம் மருந்துநூலில், நடுராத்திரியில் கேட்டாலும் கதவைத் திறந்து வசம்பு விற்காத மருந்துக் கடைக்காரருக்கு அபராதம் உண்டு என்று எழுதியிருக்கிறார். குழந்தைகளின் வயிற்று நோவுக்கு அதை அவ்வளவு பெரிதாக மதித்தார்கள் என்பதே அவர் சொல்லும் காரணம்.

அதற்கு மதுரையிலிருந்து மறுப்பு: வெள்ளைக்காரர் கேட்டதை எழுதிவைத்தார். எந்த ராஜா போட்ட சட்டம்? ஆதாரம் காட்டுங்கள்.

நியாயமான மறுப்பு. யார் விதித்தது, எவ்வளவு அபராதம் என்று அந்த வரியில் இல்லை. ராஜாங்கச் சட்டம் என்று நானும் சொல்லவில்லை. கடைத்தெருக் கட்டுப்பாடு என்றே எடுத்துக்கொள்கிறேன். கடைத்தெருவில் பத்துப் பேர் கூடி ஒரு வழக்கம் வைத்தால், மீறியவன் அதற்குப் பணம் கட்டுவது நம் ஊர்களுக்குப் புதிதில்லை. எயின்ஸ்லி சந்தைச் சரக்குகளை ஒவ்வொன்றாகத் தமிழ்ப் பேரோடு குறித்துவைத்தவர். அவர் காதில் இது விழுந்திருக்கிறது என்றால், சொன்னவர்கள் அதை நம்பியிருக்கிறார்கள்.

மீண்டும் மதுரை: பேர் சொல்லாதது வெறும் மூடநம்பிக்கை. அதைப் பெருமையாகப் பேசலாமா?

பெருமையாகப் பேசுகிறேன்தான். அந்தப் பேரால் யாருக்கும் தீங்கு வந்ததில்லை. ராத்திரியில் கதவு தட்டப்பட்டால் திறக்க வேண்டும் என்று ஒரு ஊருக்கே பழக்கிய சொல் அது.

இடையில் யாழ்ப்பாணத்திலிருந்து: எங்கள் பக்கம் சிங்களத்தில் ‘வதகஹ’ என்பார்கள். கேரளத்தில் ‘வயம்பு’. எது மூலம்?

ச, ய இரண்டும் இடம் மாறுவது நம் மொழிகளில் சகஜம். பசலை, பயலை போல. வடமொழியில் ‘வசா’, பேச்சு என்ற பொருளோடு சேர்த்து விளக்குவார்கள். யார் யாரிடமிருந்து வாங்கினார்கள் என்ற சண்டையை இங்கே தொடங்க வேண்டாம், இடம் போதாது.

கரூரிலிருந்து: 2 மாதக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

ஈரோட்டுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். வேண்டாம்.

பாலக்காட்டிலிருந்து: பிறந்த குழந்தை நாக்கில் வயம்பும் பொன்னும் தேனில் உரைத்துத் தொட்டு வைப்போம். பேச்சு சீக்கிரம் வருமா?

வராது. பேச்சு, பேசுகிறவர்களைக் கேட்டு வருவது. ஆனால் அந்தச் சடங்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அழகாக இருக்கிறது. பேச்சு என்று பேர் கொண்ட மருந்தை, பேச வேண்டிய நாக்கில் வைக்கிறார்கள். ஆயுர்வேதத்தில் இது அறிவுக்கான மருந்து வரிசையில் வருகிறது. பிராமி, வசம்பு, கோஷ்டம், சங்கபுஷ்பி, பழைய நெய் சேர்த்துக் காய்ச்சும் பிராமி நெய்யை மனநோய்க்கும் வலிப்புக்கும் கொடுத்தார்கள். நம் பக்கம் இதே நினைப்பு வேறு விதமாக இருக்கிறது. அபசகுனமாகப் பேசும் பிள்ளையிடம், ‘வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க’ என்பார்கள் அம்மாக்கள். நாக்கைத் திருத்துவது இதன் வேலை என்று இரண்டு ஊரும் நம்பியிருக்கின்றன.

சடங்கு வேண்டுமென்றால் பொன்னை நெற்றியில் தொட்டு வையுங்கள். தேன் ஒரு வயதுக்குமுன் கூடவே கூடாது. அதில் வரக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் தசைகளை முடக்கிவிடும்.

சேலத்திலிருந்து: சித்தரத்தை இருமலுக்கு நல்லதா?

அது வேறு சரக்கு. சித்த மருத்துவரைக் கேளுங்கள்.

பெங்களூருவிலிருந்து: ஞாபகசக்திக்கு, மன அமைதிக்கு, மொத்த உடல்நலத்துக்கு என்று வசம்பு மாத்திரை விற்கிறார்கள். தினமும் ஒன்று போடலாமா?

போடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் வரும். பழைய வைத்தியத்தில் வசம்பைத் தனியாக, தினமும், வருடக்கணக்கில் சாப்பிடு என்று யார் சொன்னார்கள்? அளவு மிஞ்சினால் வாந்தி எடுக்க வைக்கும் மருந்து இது. அதற்காகவே கொடுத்ததும் உண்டு. ‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்று ஒவ்வொரு சரக்குக்கும் சுத்தி, அதாவது நஞ்சு நீக்கும் முறை, சொன்னவர்கள், வசம்பைச் சுடச் சொன்னார்கள். எண்ணெய் ஆவியாகிப் போகும், கரி மிஞ்சும். அசரோன் இருப்பது அந்த எண்ணெயில்தான் என்று நினைத்துப் பார்த்தால் இந்தச் சுத்தியின் பயன் புரியும். மாத்திரையில் அடைப்பது சுட்ட வசம்பா பச்சையா என்று எத்தனை டப்பாவில் எழுதியிருக்கிறது?

முழு நலம் என்று இப்போது பேசுகிறார்களே, அது எங்கள் வீட்டில் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். விளக்கெண்ணெய் விளக்கின் சுடரில் வசம்பைக் காட்டிச் சுடுவாள் பாட்டி. அந்தக் கரியை எண்ணெயில் குழைத்துக் குழந்தையின் வயிற்றில் தொப்புளைச் சுற்றித் தடவுவாள். காலை மடக்கி மடக்கி நீட்டுவாள், மடியில் போட்டுத் தட்டுவாள். அரைமணி நேரம் ஒரு பெரிய மனுஷி அந்தக் குழந்தையை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பாள். குழந்தை காற்றுப் பிரிந்து தூங்கியதற்கு அந்த மடியும் ஒரு காரணம். மாத்திரை செய்கிறவர்கள் அந்த வீட்டிலிருந்து வேரை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

விழுப்புரத்திலிருந்து: சுட்டுவிட்டால் எண்ணெய் போய்விடும் என்று நீங்களே சொன்னீர்கள். அப்படியானால் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுக்கலாம்தானே?

இல்லை. விளக்கில் காட்டினால் மேல்தோல்தான் கருகும், உள்ளே பச்சையாகவே இருக்கும். வயிற்றுக்கு மேலே தடவுவதோடு நிறுத்துங்கள். தொப்புள்கொடி விழுந்து புண் ஆறும் வரை அதுவும் வேண்டாம்.

கோவையிலிருந்து: கையில் வசம்பு வளையல்?

கட்டலாம். நூல் அறுந்தால் மணி குழந்தையின் தொண்டைக்குப் போகும். தூங்கும்போது கழற்றிவிடுங்கள். குழந்தை அதைச் சப்பும் வயது வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

டொராண்டோவிலிருந்து: இங்கே பூர்வகுடி மக்களும் ஒரு வசம்பு மெல்லுகிறார்கள். ஒன்றுதானா?

நெருங்கிய உறவு. அமெரிக்க வகை தனி. அதில் இரண்டு குரோமோசோம் தொகுதிகள், பீட்டா அசரோன் இல்லை. நான்கு தொகுதி கொண்ட நம் ஆசிய வகையில்தான் அது மிக அதிகம். ஐரோப்பாவில் இருப்பது மூன்று தொகுதி கொண்டது, விதை பிடிக்காது. 16ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து வியன்னாவுக்குத் தண்டாகப் போய், துண்டு துண்டாகவே அந்தக் கண்டம் முழுக்கப் பரவியது. போலந்தில் இதன் பேர் ‘தத்தாரக்’. தாத்தார் (Tatar) இனத்தார் கொண்டுவந்தது என்று அங்கே கதை. உங்கள் பக்கத்துக் கிரீ மக்கள் தொண்டைக்காக மெல்லுவார்கள். பேச்சுக்கு நாம் வசம்பு கொடுத்த மாதிரி, குரலுக்கு அவர்கள். இரண்டு கண்டத்தாரும் ஒருவரையொருவர் பார்க்காமலே இந்த இடத்துக்கு வந்திருக்கிறார்கள் என்பது என்னை இன்னும் வியக்க வைக்கிறது.

தருமபுரியிலிருந்து: 5 மாதக் குழந்தைக்கு...

வேண்டாம் அம்மா. ஈரோட்டுப் பதில்.

தஞ்சாவூரிலிருந்து: பாட்டியின் மரப்பெட்டியில் உரைகல்லும், பாதி கருகிய வசம்பும், மாசிக்காயும், ஜாதிக்காயும் கிடைத்தன. என்ன செய்வது?

தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது உரைமருந்துப் பெட்டி. கல்லைக் கழுவிக் காயவைத்து எடுத்து வையுங்கள். வசம்பை ஒரு துணியில் முடிந்து புத்தக அலமாரியில் வைக்கலாம். உங்கள் ஊர் சரஸ்வதி மகாலிலேயே ஓலைச்சுவடிகளைப் பூச்சியிடமிருந்து காக்க வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை எல்லாம் இடித்து, கற்பூரமும் சேர்த்துப் பொட்டலம் கட்டி வைக்கும் வழக்கம் உண்டு. குழந்தைக்கு வேண்டாம் என்று நான் கத்துகிற அதே அசரோன்தான் அங்கே பூச்சியை விரட்டுகிறது. அப்புறம், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் எந்தச் சரக்கை எத்தனை சுற்று உரைத்தார்கள், எந்த வரிசையில் என்று இந்த வாரமே கேட்டு எழுதி, அந்தக் காகிதத்தையும் அதே பெட்டிக்குள் வையுங்கள்.