வெண்டைத் தத்துப்பூச்சிக்கு மூன்று பெயர். நெல்லில் இருப்பதும் அதுதானா?

கேள்வி: கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பிசான நெல்லும், மேட்டு நிலத்தில் கிணற்றை வைத்து வெண்டையும் கத்தரியும் போட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் பச்சையாக ஒரு பூச்சி தத்துகிறது. உரக்கடையில் கேட்டால் எல்லாம் தத்துப்பூச்சிதான் என்று ஒரே மருந்தைத் தருகிறார்கள். என் கையில் இருக்கும் துண்டறிக்கைகளிலோ வெண்டைப் பூச்சிக்கு எம்போஸ்கா டிவாஸ்டன்ஸ், அம்ராஸ்கா டிவாஸ்டன்ஸ், அம்ராஸ்கா பைகுட்டுலா என்று மூன்று பெயர் இருக்கிறது. மூன்றும் வேறு வேறு பூச்சியா? நெல்லில் இருப்பதும் இதுதானா?
– ஒரு விவசாயி, சேரன்மகாதேவி வட்டாரம்

பதில்: அண்ணாச்சி, உங்கள் துண்டறிக்கைகளில் உள்ள மூன்று பெயரும் ஒரே பூச்சிக்குத்தான். நெல்லில் தத்துவது வேறு பூச்சி. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மூன்று பெயர் எப்படி வந்தது என்றால், இந்தப் பூச்சியை 1913-இல் இஷிடா என்பவர் பைகுட்டுலா என்று விவரித்தார். 1918-இல் டிஸ்டன்ட் என்ற ஆங்கிலேய அறிஞர் இந்தியாவில் பருத்தியைக் கெடுத்த பூச்சிக்கு டிவாஸ்டன்ஸ் என்று பெயர் வைத்தார். இரண்டும் ஒன்றே என்று பிறகு தெரிந்தது. அப்படித் தெரிந்தால் முதலில் வைத்த பெயரே நிற்கும் என்பது விலங்கியலில் விதி. நடுவில் 1967-இல் அம்ராஸ்கா என்ற பேரினத்தைத் தனியாக ஏற்படுத்தினார்கள். பூச்சி எம்போஸ்காவிலிருந்து அதற்கு மாறியது. ஆக, இன்றைய பெயர் அம்ராஸ்கா பைகுட்டுலா. பழைய பெயர் அச்சிட்ட அறிக்கையும் இதே பூச்சியைத்தான் சொல்கிறது. பெயருக்கு ஒரு மருந்து என்று தனித்தனியாக வாங்க வேண்டாம். கடையில் ஜாசிட் என்று சொல்வதும் இதைத்தான். தத்துப்பூச்சிக் குடும்பத்துக்கு முன்பு ஜாசிடே என்ற பெயர் புழங்கியது, இப்போது சிக்காடெல்லிடே. அதில் இதுவரை 20,000-க்கும் மேற்பட்ட இனங்களை விவரித்திருக்கிறார்கள். அதனால்தான் 'எல்லாம் தத்துப்பூச்சிதான்' என்ற பதிலை வைத்துக்கொண்டு மருந்து அடிக்க முடியாது.

காலையில் வெயில் ஏறுமுன் வெண்டை இலையை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். இலையின் அடியில், நரம்பை ஒட்டி, இறகில்லாத வெளிர்பச்சைக் குஞ்சுகள் இருக்கும். விரலை அருகே கொண்டுபோனால் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும். வளர்ந்த பூச்சி 3 மில்லிமீட்டர் அளவுதான். இறகு ஒவ்வொன்றிலும் பின்நுனிக்குச் சற்று முன்னால் ஒரு கறுப்புப் புள்ளி. முட்டையை நரம்புத் திசுவுக்குள் செருகிவிடுவதால் கண்ணுக்குப் படாது. தாக்கிய இலை முதலில் ஓரம் மஞ்சளித்து மடங்கும், பிறகு சிவந்து கருகும்.

நெல்லில் பச்சைத் தத்துப்பூச்சி. அதுவும் சிக்காடெல்லிடேதான், ஆனால் துணைக்குடும்பம் வேறு. வெண்டைப் பூச்சி டிப்லோசைபினே, நெல் பூச்சி டெல்டோசெபாலினே. புத்தகத்துச் சங்கதி என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள், நமக்கு இது பணம். டிப்லோசைபினேயில் வெண்டைப் பூச்சி சாறு உறிஞ்சி இலையைக் கருக்கும். எண்ணிக்கை ஏறினால்தான் நஷ்டம். தத்துப்பூச்சிகளிலேயே நோய் பரப்புகிறவை அதிகம் இருப்பது டெல்டோசெபாலினேயில். எண்ணிக்கை கொஞ்சமாக இருந்தாலும் வயலுக்குள் நோய் இருந்தால் ஆபத்து.

நெல்லில் இரண்டு இனத்தைப் பார்க்கலாம். நெபோடெட்டிக்ஸ் வைரசன்ஸ் தலை சுத்தப் பச்சை. நைக்ரோபிக்டஸ் தலையின் முன் ஓரத்தில் கறுப்புக் கோடு இருக்கும்; வரப்புப் புல்லிலும் நன்றாக வாழும். நெல்லைக் குட்டையாக்கி மஞ்சளாக்கும் டுங்ரோ நோயின் வைரசை அதிகம் பரப்புவது வைரசன்ஸ். நோயுற்ற தூரில் சிறிது நேரம் சாறு குடித்தாலே ஏற்றிக்கொள்ளும். வைரஸ் சில நாட்கள்தான் பூச்சியிடம் தங்கும். தோலுரித்தால் போய்விடும், முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகாது. அதனால் குட்டையாக, ஆரஞ்சு மஞ்சளாக நிற்கும் தூரை உடனே பிடுங்கி அழித்தால் பூச்சி இருந்தும் நோய் பரவ வழி குறையும். டுங்ரோ வந்த தூருக்கு மருந்து கிடையாது. அடுத்த நாற்றங்காலைத் தெருவிளக்குப் பக்கம் போடாதீர்கள்; வெளிச்சத்துக்கு இந்தப் பூச்சி கூட்டமாக வரும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் கத்தரியையும் சொல்லிவிடுகிறேன். அங்கே இலை கருகினால் வெண்டைப் பூச்சியேதான். ஆனால் இலை பொடிப்பொடியாகச் சிறுத்து, பூக்காமல், செடி புதர் மாதிரி நின்றால் அது சிற்றிலை நோய். பரப்புவது ஹிஷிமோனஸ் பைசிடிஸ், டெல்டோசெபாலினே வகைத் தத்துப்பூச்சி. அந்தச் செடி தேறாது, பிடுங்குங்கள்.

புகையானை இதோடு சேர்க்காதீர்கள். அது டெல்பாசிடே என்ற வேறு குடும்பம். பச்சைத் தத்துப்பூச்சி இலைப்பக்கம் இருக்கும்; பழுப்புப் புகையான் தண்ணீர் மட்டத்தை ஒட்டித் தூரில் அடையும். பின்னங்காலில், பாதம் தொடங்கும் இடத்தில், அசையும் முள் ஒன்று இருந்தால் புகையான். தத்துப்பூச்சிக்கு அந்த முள் கிடையாது. பின்னங்காலில் வரிசையாகச் சிறு முட்கள்தான். கையில் ஒரு லென்ஸ் இருந்தால் போதும், வரப்பிலேயே பார்த்துவிடலாம். புகையானுக்குத் தண்ணீரை வடித்துவிட்டு மருந்து தூரில் விழும்படி அடிக்க வேண்டும். மேலே அடித்தால் காசு போகும், பூச்சி போகாது.

கடைக்காரர் தந்தது இமிடாகுளோபிரிட் போன்ற மருந்தாக இருந்தால் இரண்டு பயிருக்கும் பரிந்துரை இருக்கலாம், லேபிளைப் பாருங்கள். ஆனால் எண்ணிப் பார்க்காமல் அடிக்காதீர்கள். வெண்டையில் சராசரியாக இலைக்கு 2 பூச்சி வந்த பிறகு போதும். நெல்லில் தூர்கட்டும் பருவத்தில் குத்துக்கு 5, பூக்கும் சமயம் 10. டுங்ரோ வரும் பகுதியென்றால் 2. முதலில் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 30 மில்லி, ஒட்டும் திரவம் சேர்த்து. வெண்டையில் இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூச்சி பழகிவிடும். நெல்லில் செயற்கைப் பைரித்ராய்டு வகை வேண்டவே வேண்டாம். சிலந்தியையும் சேர்த்துக் கொன்று, புகையான் பெருக வழிவிடும்.

தத்துவதில் நாலைந்தைச் சின்னக் குப்பியில் போட்டு, எந்தப் பயிர், எந்த வயல் என்று சீட்டு ஒட்டி, கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரிக்கோ அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கோ கொண்டுபோங்கள். நெல், வெண்டை, கத்தரி மூன்றுக்கும் தனித்தனிக் குப்பி.