வழி காட்டும் கேமரா: ஆபரேஷன் தியேட்டர் நேவிகேஷன் பற்றிக் கேள்வி பதில்

மூளை, முதுகெலும்பு ஆபரேஷன்களுக்கு நேவிகேஷன் கருவியைத் தயார் செய்துவிட்டு, தையல் போடும் வரை அதன் பக்கத்திலேயே நிற்பது என் வேலை. பயோமெடிக்கல் இன்ஜினியராகப் பதினொரு வருடம் ஓடிவிட்டது. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சேலத்திலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு மூளையில் கட்டி. "நேவிகேஷன் வைத்து எடுத்துவிடலாம்" என்கிறார் டாக்டர். மெஷினா ஆபரேஷன் செய்யும்? பயமாக இருக்கிறது சார்.

பதில்: இல்லை அம்மா. கத்தி முழுக்க முழுக்க டாக்டர் கையில்தான். அப்பாவுக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. படம் தியேட்டர் திரையில் இருக்கும். டாக்டர் கருவியின் நுனியை எங்கே வைக்கிறாரோ, அந்த இடம் படத்தில் புள்ளியாகத் தெரியும். கட்டி எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், ரத்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். மண்டை ஓட்டில் சரியான இடத்தில், தேவையான அளவுக்கு மட்டும் திறக்கவும் இது உதவும்.

பொறியியல் மாணவர், கோவை: அண்ணா, கருவியின் நுனி உள்ளே மறைந்திருக்கும்போது கேமராவுக்கு எப்படித் தெரிகிறது?

பதில்: கேமரா நுனியைப் பார்ப்பதே இல்லை தம்பி. கைப்பிடிப் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன உருண்டைகளைத்தான் பார்க்கிறது. நீளமான பெட்டி ஒன்றின் இரு முனையிலும் ஒவ்வொரு லென்ஸ் இருக்கும். அதிலிருந்து சுமார் 850 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி வெளியே போகிறது. நெடுஞ்சாலைப் பலகை இரவில் வண்டி வெளிச்சம் பட்டதும் பளிச்சென்று தெரியுமே, அதே மாதிரிப் பூச்சுதான் உருண்டையிலும். ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பிவிடும். இரண்டு லென்ஸுக்கும் நடுவில் உள்ள தூரம் தெரியும். ஒவ்வொன்றும் உருண்டையை எந்தக் கோணத்தில் பார்க்கிறது என்பதும் தெரியும். அப்புறம் முக்கோணக் கணக்குதான். நம் இரண்டு கண்ணும் தூரத்தை உணர்வது இப்படித்தானே.

ஒரு கருவியின் இருப்பிடமும் சாய்வும் முழுமையாகத் தெரிய மூன்று உருண்டை போதும். பெரும்பாலும் நான்கு இருக்கும். உருண்டைகளுக்கு இடையிலுள்ள தூரங்கள் கருவிக்குக் கருவி வேறுபடும். அதை வைத்துத்தான் எது பாயிண்டர் (இடத்தைத் தொட்டுக் காட்டும் குச்சி), எது ட்ரில் என்று கணினி கண்டுபிடிக்கிறது. உருண்டையிலிருந்து நுனி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை முன்னாடியே அளந்து வைத்திருப்போம். நடுவில் யாராவது குறுக்கே நின்றால் புள்ளி மறைந்துவிடும். "சிஸ்டர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று நான் தினமும் சொல்வது இதனால்தான்.

அனஸ்தீசியா டெக்னீஷியன், மதுரை: டேபிளை ஏற்றி இறக்குகிறோம். படமும் தலையும் அப்போதும் எப்படிப் பொருந்தியே இருக்கிறது?

பதில்: தலையை மூன்று கூரிய பின்கள் (ஊசி முனைகள்) உள்ள கிளாம்பில் இறுக்கியிருப்பார்கள் இல்லையா, அந்தக் கிளாம்பிலேயே உருண்டைகள் பதித்த ரெஃபரன்ஸ் ஃபிரேம் ஒன்றை மாட்டிவிடுவோம். கணினி எல்லாவற்றையும் அந்த ஃபிரேமிலிருந்துதான் அளக்கிறது. டேபிளோடு தலையும் ஃபிரேமும் சேர்ந்தே நகர்வதால் கணக்கு மாறாது. முதலில் நெற்றி, மூக்குத்தண்டு, கண் ஓரம் என்று பாயிண்டரால் தடவிப் படத்தோடு பொருத்துகிறோமே, அதுதான் ரிஜிஸ்ட்ரேஷன்.

தலையை விட்டு ஃபிரேம் மட்டும் நகர்ந்தால் எல்லாம் போச்சு. ஒருமுறை துணி போர்த்தும்போது யாரோ கைபட்டு ஃபிரேம் லேசாகத் திரும்பிவிட்டது. திரையில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. படம் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. எலும்பைத் திறக்கும் முன் மூத்த சர்ஜன் வழக்கப்படி தெரிந்த ஒரு எலும்பு மேட்டைத் தொட்டுப் பார்த்தார். திரையில் புள்ளி தோலுக்கு வெளியே காற்றில் நின்றது. மறுபடி முதலிலிருந்து ரிஜிஸ்ட்ரேஷன் செய்தோம். அந்த ஒரு தொடுதல் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

நியூரோசர்ஜரி பயிலும் மருத்துவர்: கேமராவின் துல்லியம் 0.25 மி.மீ. என்கிறார்கள். ரிஜிஸ்ட்ரேஷன் முடிந்ததும் திரை 1.1 மி.மீ. என்று காட்டுகிறது. கட்டி இருக்கும் இடத்தில் எதை நம்புவது?

பதில்: இரண்டையும் அல்ல டாக்டர். இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

0.25 மி.மீ. என்பது கேமரா உருண்டையைக் காணும் துல்லியம் மட்டும். ஸ்கேன் துண்டுகளின் தடிமன், குப்புறப் படுக்க வைத்ததும் முகத்தோல் இழுபடுவது, பாயிண்டரை அழுத்தியதில் தோல் அமுங்குவது எல்லாம் அதற்கு மேல் சேரும். திரையில் வரும் எண்ணோ, நாம் தொட்ட புள்ளிகள் படத்தோடு எவ்வளவு பொருந்தின என்பதைத்தான் சொல்கிறது. கட்டி இருக்கும் ஆழத்தில் எவ்வளவு பிசகு என்று அது சொல்வதில்லை. இந்த இரண்டு பிழைகளுக்கும் தொடர்பில்லை என்று வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஃபிட்ஸ்பாட்ரிக் 2009-ல் கணிதமாகவே காட்டினார்.

கதவை நினைத்துக்கொள்ளுங்கள். கீல் பக்கம் நூலளவு அசைந்தால் கைப்பிடிப் பக்கம் விரலளவு அசையும். முகத்தில் மட்டும் புள்ளிகளைத் தொட்டுவிட்டுப் பின்மண்டைக் கட்டிக்குப் போனால் இதுதான் நடக்கும். முகத்தில் எண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். புள்ளிகளைக் கட்டியைச் சுற்றி வரும்படி பரப்புங்கள். கட்டிக்கு அருகிலுள்ள ஏதாவது ஒரு அடையாளத்தைத் தொட்டுப் பாருங்கள்.

அதே மருத்துவர்: மூளை உறையைத் திறந்த பிறகு?

பதில்: அப்போதிலிருந்து திரையில் இருப்பது பழைய வரைபடம். திரவம் வடிகிறது, மூளை புவியீர்ப்பின் பக்கம் தாழ்கிறது, மேனிட்டால் (மூளை வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) கொடுத்திருந்தால் சுருங்கவும் செய்கிறது. மேற்பரப்பு ஒரு செ.மீ.க்கு மேல்கூட நகர்வதுண்டு. கட்டியை எடுக்க எடுக்க அந்தக் குழி இன்னும் உருமாறும். கேமரா எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதை அறியாது. அதனால் கட்டியின் எல்லைகளை ஆரம்பத்திலேயே குறித்துக்கொள்வது நல்லது. இடையில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்பது செலவும் குறைவு, நேரமும் குறைவு. ஆபரேஷன் நடக்கும்போதே எம்.ஆர்.ஐ. எடுக்கும் வசதியை பாஸ்டன் பிரிகாம் மருத்துவமனை 1994-லேயே நிறுவியது. ஆனால் எல்லோருக்கும் அது கட்டுப்படியாகாது. மண்டை ஓட்டின் அடிப்பகுதியில் எலும்போடு ஒட்டிய கட்டிகளில் இந்தத் தொல்லை குறைவு.

ஓய்வுபெற்ற ஆசிரியர், சென்னை: கேமரா வருவதற்கு முன் என்ன செய்தார்கள்?

பதில்: ஐயா, தலையில் உலோகச் சட்டம் மாட்டி அளந்தார்கள். லண்டனில் ஹார்ஸ்லியும் கிளார்க்கும் 1908-ல் விலங்குகளுக்காக வடிவமைத்தது அது. 1947-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்பீகலும் வைசிஸும் மனிதருக்குப் பயன்படுத்தினார்கள். உங்கள் ஊரிலேயே டாக்டர் பி. ராமமூர்த்தி, பாலசுப்பிரமணியம், டி.எஸ். கனகா ஆகியோர் 1960-களில் அந்த முறையில் பேர் பெற்றவர்கள். சட்டம் இல்லாத முறைக்கு 1986-ல் அமெரிக்காவின் டார்ட்மத்தில் ராபர்ட்ஸ் ஒலி அலைகளைப் பயன்படுத்தினார். காற்றின் வெப்பம் மாறினால் ஒலியின் வேகமும் மாறும், எதிரொலி வேறு. ஜப்பானின் வத்தனாபே மூட்டுகள் வைத்த இயந்திரக் கையைக் கொண்டுவந்தார். கடைசியில் ஒளிதான் நிலைத்தது.

ஒரு தாய்: அந்த அகச்சிவப்பு ஒளியால் கெடுதல் உண்டா?

பதில்: இல்லை. எக்ஸ்ரே மாதிரிக் கதிர்வீச்சு அல்ல அது.

தியேட்டர் செவிலியர், திருநெல்வேலி: உருண்டையில் ரத்தம் தெறித்துவிட்டால் துடைத்தால் போதுமா? ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் உருண்டைகளை ஸ்டெரிலைஸ் செய்து மறுபடி போடச் சொல்கிறார்கள்.

பதில்: சிஸ்டர், கேமரா ஒவ்வொரு உருண்டையின் வெளிச்ச வட்டத்தையும் பார்த்து அதன் நடுவைக் கணக்கிடுகிறது. ஒரு ஓரம் ரத்தத்தால் மறைந்தால் நடுப்புள்ளி மறுபக்கம் தள்ளிப்போகும். உருண்டை முழுக்க மறைந்தால் தெரிந்துவிடும். பாதி மறைந்தால் தப்பான இடத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். உலர்ந்த சுத்தமான துணியால் உடனே ஒற்றி எடுங்கள், கறை நின்றால் மாற்றிவிடுங்கள். இரண்டாம் முறை போடுவது எனக்குச் சம்மதமே இல்லை. பூச்சு தேய்ந்தால் ஒளி சீராகத் திரும்பாது. சர்ஜனிடம் நேராகச் சொல்லுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் தேய்ந்த உருண்டையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, செல்போன் ஃபிளாஷை அவர் கண்ணுக்குப் பக்கத்திலிருந்து உருண்டைகள் மேல் அடித்துக் காட்டுங்கள். எங்கள் தியேட்டரில் அப்படிக் காட்டித்தான் புதுப் பெட்டி வாங்கினோம்.